கல்யாண கேசட், அமெரிக்கா டேப், செல்போன் வீடியோ: 50-ஐயும் 60-ஐயும் ஒன்று சேர்க்க முழுமையான வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்தில் நான் எடிட்டிங் செய்யும் கடைக்குப் போன வருஷம் ஒரு தம்பி மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே மூன்று சமாச்சாரம் இருந்தது. முதலாவது, 1990-இல் நடந்த அவருடைய அப்பா அம்மா கல்யாணத்தின் விஎச்எஸ் கேசட். இரண்டாவது, சித்தப்பா அமெரிக்காவில் இருந்தபோது அங்கேயே வாங்கிய கேமராவில் எடுத்த மினி டிவி டேப். (இந்த 'டிவி' தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம்.) மூன்றாவது, செல்போனில் எடுத்த வள்ளி கும்மி, தோட்டம், பேரன் பேத்தி எல்லாம் அடங்கிய பென் டிரைவ்.

"ஏனுங்ணா, மூணையும் ஒண்ணாச் சேர்த்து மணிவிழா மண்டபத்துல எல்இடி சுவர்ல போடற மாதிரி பண்ணித் தந்தர்றீங்களா?"

"பண்ணிரலாமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபம். தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வேலையை, எல்லாக் கோப்பையும் ஒரே டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டை) இழுத்துப் போட்டு, ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து முடித்தேன். மாப்பிள்ளை அழைப்பில் நடந்து வந்தவர்கள் தத்தித் தத்தி வந்தார்கள். கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. மணப்பெண் கால் பங்குக்கு மேல் அகலமாகிவிட்டார். பாட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அன்றைக்கு வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகுதான் இந்த வேலையை வரிசையாகச் செய்யக் கற்றுக்கொண்டேன்.

அந்த வரிசைக்கு அடிப்படை ஒரே ஒரு கேள்வி. கேமரா ஒரு வினாடியில் உண்மையிலேயே எத்தனை கணங்களைப் பிடித்தது? தலைப்பில் உள்ள 50-ம் 60-ம் அந்த எண்கள்தான். கோப்பின் மேல் எழுதியிருக்கும் எண் இதைச் சரியாகச் சொல்லாது. இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

50-ம் 60-ம் எங்கிருந்து வந்தன

தொலைக்காட்சி உருவான காலத்தில் படத்தின் வேகத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தோடு பொருத்தி வைத்தார்கள். மின்சாரத்தின் இரைச்சல் திரையில் பட்டையாக ஓடாமல் இருக்கத்தான் அது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அதனால் இங்கே வினாடிக்கு 50 அரைப் படங்கள், அங்கே 60.

நாம் எடுத்துக்கொண்ட வண்ண முறை பால். (எங்கள் ஊரில் பால் என்றால் காலையில் சொசைட்டிக்கு ஊற்றுவது. இது வேறு.) ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கியது. மொத்தம் 625 வரிகள், அதில் படமாகத் தெரிவது 576. இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தபோது இந்த முறைதான் வந்தது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் இதே கட்சி. அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் என்டிஎஸ்சி. அதில் 525 வரிகள், தெரிவது சுமார் 480. பிரான்ஸில் சீகாம் என்று மூன்றாவது முறை ஒன்று இருந்தது. நம் கடைகளுக்கு அது வருவது அபூர்வம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அமெரிக்கக் கணக்கில் ஒரு கோணல் உண்டு. 1953-இல் வண்ணம் சேர்த்தபோது, வண்ண அலையும் ஒலி அலையும் மோதிப் படத்தில் புள்ளி தெரியாமலிருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதிலிருந்து 60 என்பது 59.94 ஆனது, 30 என்பது 29.97 ஆனது. கடுகளவு வித்தியாசம்தானே என்று தோன்றும். 29.97-இல் ஓட வேண்டிய படத்தை 30-இல் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் படமும் ஒலியும் 3.6 வினாடி விலகிவிடும். பேசுகிறவர் வாயை மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும்.

அரைப் படம் என்றால் என்ன

சென்னிமலைப் பக்கம் தறி பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சாதா நெசவில் பாவு நூல்கள் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு அணி. ஒற்றைப்படை நூல்கள் ஒரு தடவை மேலே எழும்பும், அடுத்த தடவை இரட்டைப்படை நூல்கள். பழைய வீடியோவும் அப்படித்தான். கேமரா முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகளை மட்டும் எடுக்கும். வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து 2, 4, 6 வரிகளை எடுக்கும். ஒவ்வொரு அணிக்கும் பெயர் ஃபீல்டு. இரண்டு ஃபீல்டையும் பின்னினால் ஒரு ஃபிரேம். இந்தப் பின்னலுக்குத்தான் இன்டர்லேஸ் என்று பெயர்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரு ஃபிரேமில் இருக்கும் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. பால் கேசட்டின் மேல் '25 ஃபிரேம்' என்று கணினி எழுதினாலும், உள்ளே இருப்பது 50 தனித்தனிக் கணங்கள். என் முதல் வேலை கெட்டதற்கு இந்த ஒன்று தெரியாததுதான் காரணம்.

படி 1: கேசட்டிலிருந்து கணினிக்கு

விஎச்எஸ் கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். டெக்கில் (கேசட்டை ஓட்டும் விசிஆர்) போடுவதற்கு முன்னால் அதை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது.

டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றும் கேப்சர் கருவியில், பாலா என்டிஎஸ்சியா, எந்த முறை என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பாக வைத்தால் படம் கருப்பு வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் உருண்டுகொண்டே இருக்கும். அமெரிக்கக் கேசட்டை நம் ஊர் டெக்கில் போட்டால் சில டெக்குகள் வண்ணத்தை மட்டும் பால் ஆக்கி, வரியையும் வேகத்தையும் அப்படியே 525, 59.94-இல் விட்டுவிடும். பழைய டிவி அதைக் காட்டும், கேப்சர் கருவி பெரும்பாலும் திணறும். அதற்கு இரண்டு முறையையும் நிஜமாகவே ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் தேவை.

மலிவான யுஎஸ்பி கருவிகளில் சில, தானே ஃபீல்டுகளைக் கலந்து எம்பி4 கோப்பாகத் தந்துவிடும். வாங்கும்போதே 720×576, இன்டர்லேஸ் அப்படியே வருகிறதா என்று கேளுங்கள். பிடிக்கும் கோப்பை ஹஃப்ஒய்யுவி, எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத வடிவில் வையுங்கள்.

மினி டிவி டேப் விஷயத்தில் தலைவலி குறைவு. அது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் கம்பி வழியாக அப்படியே நகல் எடுக்கலாம், மணிக்கு சுமார் 13 ஜிபி. ஆனால் அமெரிக்காவில் வாங்கிய கேமராவின் டேப்பை ஓட்ட என்டிஎஸ்சி கேமராவோ டெக்கோ வேண்டும். தம்பியிடம் சித்தப்பாவின் பழைய கேமரா பரணில் இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து வரச் சொன்னேன்.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் அளவு, ஃபிரேம் வேகம், இன்டர்லேஸா இல்லையா, வேகம் நிலையானதா மாறுவதா என்று எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். லேபிளை ஒட்டியவர் தப்பாக ஒட்டியிருக்கலாம்.

அடுத்து விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் கோப்பைத் திறந்து, டீஇன்டர்லேஸை (பின்னலைப் பிரித்துக் காட்டும் வசதி) அணைத்துவிட்டு, யாராவது கை வீசி நடக்கும் இடத்தில் நிறுத்தி, 'ஈ' விசையைத் தட்டித் தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். நான்கில் ஒன்று தெரியும்.

அசையும் இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமிலும் சீப்புப் பல் தெரிந்தால் அசல் இன்டர்லேஸ். எங்குமே பல் இல்லாவிட்டால் முழுப் படமாக எடுத்தது, அல்லது யாரோ முன்பே பல்லைப் பிடுங்கியது. மூன்று ஃபிரேம் சுத்தம், இரண்டு ஃபிரேமில் பல், மறுபடி மூன்று சுத்தம் என்று சந்தம் மாதிரி வந்தால் அது சினிமாவிலிருந்து அமெரிக்க முறைக்கு மாற்றியது. 24 ஃபிரேம் சினிமாவை 60 ஃபீல்டாக்க ஒரு ஃபிரேமை இரண்டு ஃபீல்டுக்கும் அடுத்ததை மூன்று ஃபீல்டுக்கும் நீட்டுவார்கள். அதனால் வரும் தாளம் அது.

நான்காவது வகைதான் தொல்லை பிடித்தது. பல் இருக்காது, ஆனால் கை ஒன்றுக்கு இரண்டாக, ஆவி போல மங்கலாகத் தெரியும். எப்போதோ யாரோ ஒரு கருவியில் முறை மாற்றிக் கொடுத்த கேசட் அது. இரண்டு கணங்களைக் குழைத்துப் போட்டிருப்பார்கள். குழைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. அப்படி இருந்தால் அசல் டேப் சொந்தக்காரர் வீட்டுப் பீரோவில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. மேலும் மாற்றினால் இன்னும் குழையும்.

இன்டர்லேஸ் என்றால் எந்த ஃபீல்டு முதலில் வரும் என்றும் தெரிய வேண்டும். மினி டிவி இரண்டு முறையிலும் கீழ் ஃபீல்டு முதலில். அனலாக் கேப்சரில் பால் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். சந்தேகம் இருந்தால் ஃபீல்டைப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். வரிசை தப்பாக இருந்தால் நடக்கிறவர் இரண்டு அடி முன்னே வைத்து ஒரு அடி பின்னே போவார். அது சரியாகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: எங்கே ஓடப்போகிறது என்று முடிவு செய்வது

மாற்றாமல் இருக்க முடிந்தால் மாற்றாதீர்கள். ஒற்றைக் கேசட்டை வீட்டில் பார்க்க வேண்டும், யூடியூபில் ஏற்ற வேண்டும் என்றால் வேகத்தை மாற்ற அவசியமே இல்லை. எடுத்த வேகத்திலேயே ஏற்றச் சொல்லித்தான் யூடியூபும் பரிந்துரைக்கிறது. இன்டர்லேஸை மட்டும் எடுத்துவிட வேண்டும். 50, 60 வேகங்களை அது 720 வரிக்கும் அதற்கு மேலும்தான் காட்டும். ஆகவே பழைய 576 வரிப் படத்தைப் பெரிதாக்கி ஏற்றினால்தான் 50-இன் வழவழப்பு கிடைக்கும்.

வெவ்வேறு வேகங்களை ஒரே படத்தில் சேர்க்கும்போதுதான் மாற்றம் தேவை. எந்த வேகத்தில் அதிகப் பதிவு இருக்கிறதோ, எது முக்கியமோ, அதற்கு மற்றவற்றை இழுங்கள். தம்பியின் படத்துக்கு உயிர் 1990 கல்யாணம். அது 50 கணம். ஆகவே டைம்லைன் 50 என்று முடிவு செய்தேன். அமெரிக்கா டேப் 59.94-இலிருந்தும் செல்போன் 30-இலிருந்தும் 50-க்கு வர வேண்டும்.

படி 4: சிக்கெடுப்பது

இன்டர்லேஸை எடுக்காமல் படத்தின் உயரத்தை மாற்றவே கூடாது. இரண்டு அணி வரிகளும் கலந்துபோய், அதன் பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாமல் ஆகிவிடும். முதலில் சிக்கெடுப்பு, அப்புறம் வேகம், அப்புறம் அளவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சிக்கெடுப்பதில் இரண்டு விதம். இரண்டு ஃபீல்டையும் சேர்த்து 25 ஃபிரேம் ஆக்குவது ஒன்று. இதில் பாதி அசைவு போய்விடும். ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக வளர்த்து 50 ஆக்குவது இன்னொன்று. இதற்கு 'பாப்' என்று பெயர். கல்யாண கேசட்டுக்கு எப்போதும் இரண்டாவதுதான். வீட்டு டிவியில் அன்று பார்த்த அதே ஓட்டம் திரும்பக் கிடைக்கும்.

புதியவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் இன்டர்லேஸ் கண்டறிதலை அணையுங்கள். டீஇன்டர்லேஸில் 'பிடபிள்யூடிஃப்' அல்லது 'யாடிஃப்' தேர்ந்தெடுத்து, அதன் முன்னமைவில் 'பாப்' வையுங்கள். 'வீடியோ' பக்கத்தில் வேகம் 50, நிலையான வேகம் என்று குறியுங்கள். அமெரிக்கா டேப்புக்கு இதே படிகள், வேகம் மட்டும் 59.94.

தரம்தான் முக்கியம், நேரம் இருக்கிறது என்றால் க்யூடிஜிஎம்சி. ஏவிசிந்த், வேப்பர்சிந்த் என்ற கருவிகளுக்குள் ஓடும் நிரல் அது. அவற்றை நிறுவக் கஷ்டமாக இருந்தால் ஹைபிரிட், ஸ்டாக்ஸ்ரிப் போன்ற மென்பொருள்களில் பட்டனாகவே கிடைக்கும். பக்கத்து ஃபீல்டுகளைப் பார்த்து விட்டுப்போன வரிகளை நிரப்புவதால், புடவைக் கரையும் மாலை நூலும் துள்ளாமல் நிற்கும். என் கணினியில் ஒன்றரை மணி நேரக் கேசட்டுக்கு ராத்திரி முழுக்க ஓடியது. விசைத்தறி ஓடும் ஊரில் கரண்டை நம்பி இவ்வளவு நீளமாக ஓட்ட முடியாது. பத்துப் பத்து நிமிஷமாகத் துண்டு போட்டு ஓட்டுங்கள்.

சினிமாவிலிருந்து வந்த அந்த 'மூன்று சுத்தம், இரண்டு பல்' வகைக்கு டீஇன்டர்லேஸ் போடாதீர்கள். ஹேண்ட்பிரேக்கில் 'டீடெலிசைன்' என்று தனியாக இருக்கிறது. அது கூடுதல் ஃபீல்டுகளைக் கழித்து 23.976 முழு ஃபிரேம்களை மீட்டுத் தரும்.

படி 5: வேகத்தை மாற்றுவது

இங்கே நான்கு வழி இருக்கிறது. நான்கையும் ஒரே படத்தில் இடத்துக்குத் தகுந்தபடி பயன்படுத்தலாம்.

ஓட்டத்தையே கூட்டிக் குறைப்பது முதல் வழி. 24 ஃபிரேம் சினிமாவை 25-இல் ஓட்டுவது இப்படித்தான். பால் நாடுகளில் படங்கள் பல காலம் இப்படியே ஒளிபரப்பானது. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு ஃபிரேம்கூடக் கெடாது. ஆனால் ஒலியின் சுருதி அரைசுரத்தில் முக்கால் பங்கு போல ஏறிவிடும். சுருதியை மட்டும் பழைய இடத்துக்கு இறக்கும் வசதி பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது. நாதஸ்வரம் ஒலிக்கும் இடத்தில் அதைக் கட்டாயம் போடுங்கள், கேட்கிறவர்களில் காது தேர்ந்த ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார்.

இதையே நான் வேறு விதமாகவும் பயன்படுத்துகிறேன். 60-இல் எடுத்த காட்சியை 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். தென்னந்தோப்பு, பேத்தி ஓடி வருவது, கொடிவேரி அணையில் தண்ணீர் விழுவது போல அசல் ஒலி தேவைப்படாத இடங்களில் பின்னால் பாட்டைப் போட்டு இப்படி ஓட்டினால், வேகம் மாற்றியதே தெரியாது. பார்க்க அழகாகவும் இருக்கும்.

இரண்டாவது வழி ஃபிரேமைக் கழிப்பது, அல்லது திரும்பப் போடுவது. 59.94-இலிருந்து 50-க்கு வர வினாடிக்குப் பத்து ஃபிரேம் போல விழும், ஏறக்குறைய ஆறில் ஒன்று. உட்கார்ந்து பேசும் காட்சியில் யாருக்கும் தெரியாது. கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் வண்டி குழியில் இறங்கி ஏறுவது போலக் குலுங்கும். செல்போனின் 30-ஐ 50 ஆக்கும்போது முதல் ஃபிரேம் இரண்டு முறை, அடுத்தது இரண்டு முறை, மூன்றாவது ஒரு முறை என்று வரும். இந்த நொண்டல் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, அடுத்தடுத்த ஃபிரேம்களைக் குழைப்பது. முன்னே சொன்ன ஆவி இதிலிருந்து பிறப்பதுதான். கல்யாண வீடியோவில் ஃபோட்டோகிராஃபரின் ஃபிளாஷ் ஒரே ஃபீல்டில் அடித்து ஓய்ந்துவிடும். குழைத்தால் அந்த வெளிச்சம் பக்கத்து ஃபிரேமிலும் சாம்பலாகப் பரவும். நான் இதைத் தொடுவதே இல்லை.

நான்காவது, அசைவைக் கணித்து இடைப்பட்ட கணங்களைப் புதிதாக வரைவது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 'ஆப்டிகல் ஃப்ளோ' என்று இருக்கும். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் 'எம்இன்டர்போலேட்' என்ற வடிகட்டி. நன்றாக அமைந்தால் மாயம் போல இருக்கும். ஆனால் இது ஊகம்தான், எங்கே ஊகம் தப்பும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ரேக்ளா வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அட்சதை தூவும்போது அரிசிகள் புழுப் போல நெளியும். ஒருவர் குறுக்கே நடந்தால் பின்னால் நிற்பவரின் முகம் ரப்பராக இழுபடும். வள்ளி கும்மியில் கைகள் சேரும் கணத்தில் விரல்கள் கரைந்துவிடும்.

நான் செய்வது இதுதான். அமெரிக்கா டேப் 59.94 கணங்களாகப் பிரிந்து கிடைப்பதால் அங்கே ஊகிக்க வேண்டிய தூரம் குறைவு. ஆகவே நகரும் காட்சிகளுக்கு ஆப்டிகல் ஃப்ளோ, நிற்கும் காட்சிகளுக்கு வெறும் கழிவு. செல்போனின் 30-க்கு முதலில் ஆப்டிகல் ஃப்ளோ போட்டுப் பார்த்தேன். கும்மியில் கைகள் கெட்டுப்போனதால் அந்த இடத்தை மட்டும் நொண்டலோடு விட்டுவிட்டேன். நொண்டலைப் பார்க்கிறவர்கள் மன்னிப்பார்கள், ஆறு விரல் கையை மன்னிக்க மாட்டார்கள்.

ரிசால்வில் செய்வதானால், ஒரு கிளிப்பைக்கூட உள்ளே போடாமல் முதலில் புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் வேகத்தை 50 என்று வையுங்கள். அப்புறம் அந்தக் கட்டம் பூட்டிக்கொள்ளும். பிறகு கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் 'ரீடைம் அண்ட் ஸ்கேலிங்' பகுதியில் 'ரீடைம் புராசஸ்' என்பதை மாற்றினால் போதும்.

படி 6: செல்போன் கோப்பை நிமிர்த்துவது

செல்போன்கள் வெளிச்சம் குறைந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். '30' என்று சொல்லும் கோப்பில் ஒரு இடத்தில் 30, இன்னொரு இடத்தில் 24 இருக்கும். எடிட்டிங் மென்பொருள் இதில் குழம்பி ஒலியை நகர்த்திவிடும். இதைச் சரிசெய்ய ஹேண்ட்பிரேக்கில் வேகம் 30, நிலையான வேகம் என்று வைத்து, தரத்தைக் கூட்டி ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதை வைத்து வேலை செய்யுங்கள்.

ஒலி விலகுகிறதா என்று பார்க்கக் கும்மியை விட நல்ல கருவி கிடையாது. கிளிப்பின் தொடக்கத்தில் ஒரு தட்டு, கடைசியில் ஒரு தட்டு. இரண்டு இடத்திலும் கை சேரும் ஃபிரேமும் ஒலி அலையின் முனையும் ஒரே இடத்தில் விழ வேண்டும். தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகினால் வேகம் தப்பு. இரண்டிலும் ஒரே அளவு விலகினால் ஒலியை நகர்த்தினால் போதும். ஒலி முழுவதையும் 48 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

படி 7: வடிவமும் வண்ணமும்

பால் 720×576, என்டிஎஸ்சி 720×480. இரண்டுமே திரையில் 4:3-ஆகத்தான் தெரிய வேண்டும். இந்தப் புள்ளிகள் சதுரம் அல்ல. சதுரப் புள்ளிக்கு மாற்றினால் பால் 768×576, என்டிஎஸ்சி 640×480. முழு எச்டி சட்டத்துக்குள் வைக்கும்போது இரண்டும் 1440×1080 ஆகி, இரு பக்கமும் கருப்புப் பட்டை வரும். "திரை முழுக்க நிறைஞ்சு வரோணுங்க" என்று கேட்பார்கள். 4:3 படத்தை இழுத்து நிறைத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள் என்று ஒரு ஃபிரேமில் போட்டுக் காட்டுங்கள், அதன்பின் வற்புறுத்த மாட்டார்கள். பட்டை கண்ணை உறுத்தினால் அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் போடலாம். எனக்குக் கருப்பே பிடிக்கும்.

விஎச்எஸ் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்த மாதிரி துடிக்கும். அது கேசட் கெட்டதால் அல்ல, டெக்கின் தலைகள் மாறும் இடம் அது. பத்துப் பன்னிரண்டு வரியைக் கருப்பால் மூடிவிடுங்கள்.

வண்ணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய படங்களின் நிறக் கணக்கு 601 என்ற தரம், எச்டியினது 709. பெரிதாக்கும்போது இந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முகம் லேசாகச் செம்பு பூத்து, வாழை இலையின் பச்சை வேறொரு பச்சையாகிவிடும். அசலையும் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எதிர்த் திசையில் அனுப்புவதானால்

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரருக்கு நம் ஊர்க் கல்யாணத்தை அனுப்ப வேண்டுமானால், கணினியில் பார்ப்பவருக்கு 50-இல் இருக்கும் எம்பி4 கோப்பே போதும். அங்கே வாங்கிய டிவிடி பிளேயரில்தான் பார்ப்பேன் என்கிறவர்களுக்கு மட்டும் என்டிஎஸ்சி தட்டு செய்ய வேண்டும், ஏனென்றால் அங்குள்ள பல பிளேயர்கள் பால் தட்டை ஏற்காது. இன்டர்லேஸ் கேசட் என்றால் 50-ஆகச் சிக்கெடுத்து, 59.94 ஆக்கி, உயரத்தை 480-க்குக் குறைத்து, மறுபடி இன்டர்லேஸாகப் பின்ன வேண்டும். 25 முழு ஃபிரேமாக எடுத்தது என்றால் இன்னும் எளிது. 23.976-க்கு மெதுவாக்கி ஒலியையும் அதே அளவு நீட்டினால் போதும், மீதியை பிளேயர் பார்த்துக்கொள்ளும்.

இனிமேல் எடுக்கப்போகும் விழாவுக்கு இந்த வேலையே வராமல் தடுக்கலாம். நம் மின்சாரத்தில் மண்டபத்து விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவை 25 அல்லது 50-இல் வைத்து, ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் திரையில் பட்டை ஓடாது. ஐபோனில் கேமரா அமைப்புக்குள் பால் வடிவங்களைக் காட்டும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் 25 கிடைக்கும்.

படி 8: ஏற்றுமதியும் மண்டபமும்

எச்.264, 1920×1080, வேகம் 50, நிலையான வேகம். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மண்டபத்து ஆளின் கருவி அதைப் படிக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பிடித்த அசல் கோப்புகளை, இன்டர்லேஸ் கலையாமல், தனி ஹார்டு டிஸ்க்கில் வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். கேசட்டையும்தான். சிக்கெடுக்கும் மென்பொருள்கள் நாளுக்கு நாள் மேம்படுகின்றன, அடுத்த தலைமுறை இதை விட நன்றாக எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. மணிவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தபோது என் படம் லேசாக நடுங்கியது. கடையில் வழவழவென்று ஓடிய அதே கோப்பு. எல்இடி சுவருக்குப் படம் கொடுத்த லேப்டாப்பின் திரை 60 ஹெர்ட்ஸில் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து 50-க்குக் கொண்டுவந்ததை அது சத்தமில்லாமல் 60 ஆக்கிக்கொண்டிருந்தது. டிஸ்பிளே அமைப்பில் 50-ஐத் தேர்ந்தெடுத்தோம், சுவரின் கருவியும் ஏற்றுக்கொண்டது. ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் விழா அன்று காலையில் போய், சீர்த் தட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே அந்த லேப்டாப்பைத் தொட யாரும் விடமாட்டார்கள். முதல் நாளே போய்விடுங்கள்.